எண்ணெய் வழுக்கல்

செவியனுக்குக் காது போய் நாலு வருஷமாகிறது. இந்த விஷயம் உலகத்தில் மூன்றே பேருக்குத்தான் தெரியும். ஒருவர் பாளையங்கோட்டையில் இருக்கிற காது டாக்டர். தினமும் நூறு காதைப் பார்க்கிற மனுஷன், மறந்திருப்பார். இரண்டாவது ஆள் செவியனே. அவர் அதை ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. மிச்சம் இருப்பது அவர் பெண்டாட்டி சண்முகசுந்தரி ஒருத்திதான்.

செவியன் என்பது அவராக வைத்துக்கொண்ட பேர். வீட்டில் வைத்த பேர் பரமசிவன். இளவட்டமாக இருந்தபோது தென்காசியிலிருந்து பேப்பருக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார். ராயகிரியில் வைக்கோல் படப்பு தீப்பிடித்தது, ஐந்தருவியில் வெள்ளம் வந்து குளிக்கத் தடை, செங்கோட்டை ரோட்டில் லாரி கவிழ்ந்தது, இந்தமாதிரி. ஒரு திருவிழாக் கச்சேரியைப் பற்றி நாலு வரி எழுதி அனுப்பினார். அதில் மூன்று வரி வசவு. பேப்பர் ஆபீசில் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். அன்றைக்குப் பிடித்தது பாருங்கள் சனியன், முப்பத்தைந்து வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தோறும் எவனாவது ஒரு வித்வான் அவரிடம் அடிபட்டுக்கொண்டிருந்தான். செவியன் முன்வரிசையில் வந்து உட்கார்ந்தால் பெரிய பெரிய ஆட்களே தண்ணீர்ச் செம்பைத் தேடுவார்கள். பாராட்டி எழுதத் தெரியாது என்றில்லை. பாராட்டை யார் படிக்கிறான் என்பது அவர் கட்சி.

சுந்தரி சங்கீதம் படித்தவள் இல்லை. அவள் அப்பா சுடலைக்கண்ணு தென்காசி சுற்றுவட்டாரத்துக்கெல்லாம் மைக்செட் போட்டவர். கோவில் கொடையோ கல்யாண வீடோ, ஆம்பிளிபயருக்குப் பக்கத்தில் தகரப்பெட்டி மேல் உட்கார்ந்து வளர்ந்தவள் சுந்தரி. ராகத்துக்குப் பேர் உண்டென்று தெரிவதற்கு முன்னாலேயே அவளுக்கு ராகம் தெரியும். பேரெல்லாம் பிற்பாடு கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். செய்தி எழுத வந்த பரமசிவன் அந்தத் தகரப்பெட்டி ஓரமாக வந்து நின்று, “இது என்ன ராகம்?” என்பார். அவள் சொல்வாள். அவர் குறித்துக்கொள்வார். கல்யாணத்துக்கு முந்தியே ஏற்பாடு அப்படித்தான் ஆரம்பித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காது போன பிறகு ஏற்பாடு போனுக்கு வந்துவிட்டது. கச்சேரியில் அவர் முன்வரிசையில் இருப்பார். இவள் பெண்கள் பக்கம். ‘ஹம்சத்வனி. விறுவிறுப்பு’ என்று இவள் வாட்ஸ்அப்பில் அடிப்பாள். ‘மேல போகும்போது குரல் கம்முது.’ ‘தவில்காரன் முந்துதான்.’ அவர் மடியில் போனை வைத்துக்கொண்டு படித்துப் படித்துத் தலையாட்டுவார். “செவியன் சார் உக்காந்த எடத்துலயே எழுதிருதாரு வே, என்னா வேகம்!” என்று பின்னால் இருப்பவர்கள் மெச்சிக்கொள்வார்கள்.

எதிரே நின்று வாயை நன்றாகத் திறந்து பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். முதுகுக்குப் பின்னால் இடி விழுந்தாலும் தெரியாது. காதுக்குள் எந்நேரமும் மெயினருவி விழுகிற மாதிரி ஒரு இரைச்சல், அவ்வளவுதான். மாட்டிக்கொள்ள மிஷின் வாங்கினார்கள். அது பீரோவில் இருக்கிறது. “மிஷின் மாட்டின விமர்சகன் எழுதுறத எவன் படிப்பான்?” என்றார். சுந்தரிக்கும் அப்போது பாவமாகத்தான் இருந்தது. பாவம் பார்த்தது தப்பாகப் போயிற்று.

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலை அது. நாலு நாளாகச் சாரல் விடவில்லை. குத்துக்கல்வலசையில் அவர்கள் வீட்டுக்குள் கட்டிய கொடியில் வேட்டியும் சேலையும் காயாமல் வாடை அடித்துக்கொண்டு கிடந்தன. சுந்தரி உளுந்தங்களி கிண்டிக்கொண்டிருந்தாள். கருப்பட்டிப் பாகு கொதிக்கிற நேரத்தில் பேப்பரைப் பிரித்தவள் அடுப்பை அணைத்துவிட்டாள்.

முந்தின வாரம் குற்றாலத்தில் சாரல் இசை மன்றத்தில் பாடிய பெண்ணைப் பற்றிச் செவியன் எழுதியிருந்தது இது:

‘தோடி என்னும் பெருங்கடலில் இறங்கத் துணிந்த செல்வி ரூபி, கரையிலேயே கால் இடறினார். காந்தாரம் எண்ணெயாய் வழுக்கியது. தந்தையார் குற்றாலத்தில் எண்ணெய் தேய்ப்பவர் என்று அறிகிறோம். குலத்தொழில் குரலில் தெரிவதில் வியப்பில்லை. ஆனால் தேய்க்க வேண்டிய இடம் அருவிக்கரை, மேடை அல்ல.’

சுந்தரி போனை எடுத்துப் பார்த்தாள். அன்றைக்கு அவள் அனுப்பியது அப்படியே இருந்தது. ‘தோடி. காந்தாரத்துல இருந்து எண்ணெயா வழுக்கி இறங்குதா. இந்த மாதிரிக் கேட்டு எம்புட்டு வருசமாச்சி. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு.’

அவர் முற்றத்துப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தோளைத் தொட்டுத் திருப்பினாள்.

“நான் என்ன அனுப்பினேன், நீங்க என்ன எழுதியிருக்கீய?”

“நீ அனுப்பினதத்தான எழுதியிருக்கேன்? வழுக்குதுன்னு சொன்னது நீதான?”

“எண்ணெயா வழுக்குதுன்னா நல்லாயிருக்குன்னுல்லா அர்த்தம்! தொண்டையில இருந்து பிசிறில்லாம இறங்குதுன்னு சொன்னேன். தோடிக்குக் காந்தார ஸ்வரம் அசையணும்யா, ஆணி அடிச்சாப்புல நிக்கக் கூடாது. உங்களுக்குத் தெரியாததா?”

“நீ தகவல் சொல்லு. அர்த்தத்த நான் வச்சுக்கிடுதேன்.”

“அந்தப் புள்ளையோட அப்பன் தொழில் எதுக்குங்க இதுல வருது?”

“வாசகன் சிரிக்கணும்லா.” பரமசிவன் கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். “அந்தச் சங்கரபாண்டி எனக்கு ரெண்டாவது வரிசையில சேர் போடுதான். முன்னால லாட்ஜ்காரனும் கவுன்சிலரும். போலீஸ்ல இருந்து ரிட்டயர் ஆனா சபா செகரட்டரியா ஆயிரலாம், மரியாத தெரிய வேண்டாமா? படட்டும்.”

“சங்கரபாண்டிய ஏச வேண்டியதுதான? அந்தப் புள்ள என்ன செஞ்சா?”

“உனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டா அது பெரிய சங்கீதமாக்கும்? எனக்கு வரலயே!” என்றார்.

“எப்படி வரும்? நீங்கதான் கேக்கலயே!”

உதட்டில் அதைப் படித்துவிட்டார். முகம் கறுத்தது. “ஏட்டி, அந்தப் பேச்சு இந்த வீட்டுல வரப்படாது. வந்துது, எனக்குக் கெட்ட கோவம் வரும்” என்று சத்தம் போட்டார். தன் சத்தம் எவ்வளவென்று அவருக்குத் தெரியாதல்லவா, எதிர்வீட்டு ஹாஜரா பீவி வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். சுந்தரிக்கு அப்போதுதான் விளங்கிற்று. பொறாமை. மனுஷன் பெண்டாட்டியின் காதைப் பார்த்துப் பொறாமைப்படுகிறான். தனக்குக் கிடைக்காத ஒன்று அவளுக்குக் கிடைத்துவிட்டதே என்று, அதைக் கொடுத்த பிள்ளையைப் பிடித்து அடித்திருக்கிறான். இதற்கு என்ன மருந்து?

அன்றைக்குச் சாயங்காலமே ரூபி வந்தாள், அப்பாவைக் கூட்டிக்கொண்டு. இருபத்தாறு வயதிருக்கும். திருநெல்வேலிக்கு பஸ்ஸில் போய்ப் போய்ச் சங்கீதம் படித்து, தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருக்கிறாள். அப்பா முத்துச்செல்வம் மெயினருவிக்குப் போகிற வழியில் எண்ணெய் தேய்க்கிறவர். சீசனில் வெள்ளென நாலு மணிக்கே போனால் கை ஓய மத்தியானம் ஆகிவிடும். கல்லில் குப்புறப் படுத்திருக்கிற முதுகுகளை முப்பது வருஷமாகப் பிசைந்து பிசைந்து அவர் விரலெல்லாம் முட்டி பெருத்துக் கிடந்தது. சீசனுக்கு வருகிற ஒரு டாக்டரம்மா வைத்த பேர்தான் ரூபி.

“அண்ணாச்சி, நாங்க சண்டைக்கு வரல” என்றார் முத்துச்செல்வம், உட்காராமல். “இன்னைக்குக் காலையில ஒருத்தர் படுத்துக்கிட்டே சொல்லுதாரு, ‘பாத்து தேயும்வே, காந்தாரம் வழுக்கிராம’ன்னு. சுத்தி நிக்கவன்லாம் சிரிக்கான். என்னை ஏசட்டும். எந்தொழில் அது, நான் கேட்டுக்கிடுவேன். புள்ளைய எதுக்கு இதுல இழுக்கணும்?”

ரூபி அப்பாவின் கையைப் பிடித்து நிறுத்தினாள். “சார், தப்புன்னா தப்புதான். எங்கன வழுக்குதுன்னு காட்டுங்க, திருத்திக்கிடுதேன். நான் ரெக்கார்டு வச்சிருக்கேன்.”

டீப்பாய் மேல் போனை வைத்துப் பாட்டைப் போட்டுவிட்டாள். அடுக்களையில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்த சுந்தரிக்கு உடம்பெல்லாம் ஒருமாதிரி ஆயிற்று. மறுபடியும் அதே தோடி. குரல் மேலே போய், காந்தாரத்தில் ஊசலாடி, மெதுவாக நழுவிக் கீழே வந்தது. கையில் டம்ளரோடு கதவோரம் வந்து நின்றாள்.

பரமசிவன் கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

ஆலாபனைக்கு ஏது தாளம்? ரூபியின் கண் அவர் கையிலேயே இருந்தது. நெற்றி சுருங்கியது.

“இந்தா!” என்று விரலை நீட்டினார் பரமசிவன். “இங்கனதான். கேட்டியா, எப்படி வழுக்குதுன்னு?”

ரூபி போன் பக்கம் குனிந்துகொண்டே, “சார், நான் பாட்ட நிறுத்திட்டேன். இப்ப கேக்கது வயலின்” என்றாள்.

“அதேதான். அந்த எடந்தான்” என்றார் அவர், திருப்தியாக.

ரூபி மெதுவாக நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பிறகு கதவோரம் நிற்கிற சுந்தரியைப் பார்த்தாள். அந்தப் பிள்ளை எல்லாவற்றையும் புரிந்துகொள்ள இன்னும் ஒரு நிமிஷம் போதும். சுந்தரி விடவில்லை. யோசிக்கவும் இல்லை.

“அவிய வயலினச் சொல்லல தாயி” என்றாள். “அதுக்கு முந்தி நீ விட்ட எடத்தச் சொல்லுதாவ. அங்கன லேசா வழுக்கத்தான் செய்யுது. நானும் கேட்டேன்.”

“ஆச்சி, நீங்களுமா?” என்றாள் ரூபி. “அன்னைக்குப் பொம்பளையாளுக பக்கம் முன்னால இருந்தீய. அழுதீய. நான் பாத்தேன்.”

“அது வேற. குடும்பக் கவல.”

ரூபி போனை எடுத்துப் பைக்குள் போட்டாள். “சரி. பெரியவங்க ரெண்டு பேரும் சொல்லுதீய. டிசம்பர்ல மன்றத்துல எனக்கு முழுக் கச்சேரி வச்சிருந்தாவ. மத்தியானம் சங்கரபாண்டி சார் போன் பண்ணி வேண்டாம்னுட்டாரு. இனி நான் பாடல. புள்ளையளுக்குக் கடவுள் வாழ்த்து சொல்லிக் குடுக்கதோட நிப்பாட்டிக்கிடுதேன்.”

“அவசரப்படாத தாயி.”

“இல்ல ஆச்சி. எங்க அப்பா கையப் பாருங்க. இந்தக் கையாலதான் என்னைப் படிக்க வச்சாரு. நான் வாயத் தொறக்கயில எல்லாம் ஒருத்தன் இந்தக் கையச் சொல்லிச் சிரிப்பான்னா எனக்குப் பாட்டு வேண்டாம்.”

முத்துச்செல்வம் மகளுக்குக் குடையை விரித்துப் பிடித்தார். அவர்கள் போன பிறகு பார்த்தால் காப்பி அப்படியே ஆடை படிந்து கிடந்தது.

சுந்தரிக்கு மனசு ஆறவே இல்லை. புருஷன் பொய் எழுதினான், சரி, அவன் சுபாவம். தன் வாயில் பொய் வந்த வேகத்தை நினைத்து நினைத்து வெட்கப்பட்டாள். இவருக்குக் காதாக இருந்து இருந்து, நாக்கும் இவருடையதாகவே ஆகிவிட்டதோ? ச்சே!

மறுநாள் சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அவரைப் பேச வைக்க வேண்டுமென்றால் எதிரே உட்கார வேண்டும்.

“ஒரு வரி எழுதுங்க. ‘போன வாரம் எழுதினது தப்பு, ரூபி தோடி நல்லாப் பாடினா’ன்னு. ஒரே வரி.”

“கோட்டி புடிச்சிருக்கா உனக்கு?” புளித்தண்ணியை ஊற்றிப் பிசைந்துகொண்டே சொன்னார். “திருத்தம் போட்ட விமர்சகன் செத்தான். முப்பத்தஞ்சு வருசத்துல நான் ஒரு எழுத்தத் திரும்ப வாங்கினதில்ல. அதுவும் இப்ப! ஞாயித்துக்கெழம எனக்குப் பட்டம் குடுக்கப் போறான்.”

அது ஒரு கூத்து. ரூபி கச்சேரியில் செவியனை இரண்டாவது வரிசையில் உட்காரவைத்ததற்குத்தான் இந்த வசவு என்று சங்கரபாண்டிக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த அடி மன்றத்துக்கு விழாமலிருக்க வேண்டுமே. அவசர அவசரமாக ‘இசைத் தராசு’ என்று ஒரு பட்டத்தைக் கண்டுபிடித்து, நோட்டீஸ் அடித்து, சால்வைக்கும் சொல்லிவிட்டார்.

“இசைத் தராசாம்” என்றாள் சுந்தரி. “தராசுல கல்லு நான்லா.”

“என்ன சொல்லுத?”

“ஒண்ணுமில்ல. நீங்க அந்த வரிய எழுதலன்னா ஞாயித்துக்கெழம எங்கிட்ட இருந்து போன்ல ஒரு எழுத்து வராது.”

பரமசிவன் சோற்றிலிருந்து கையை எடுத்தார். கொஞ்சம் பயந்துதான் போனார். ஆனால் பயத்தைக் காட்டினால் அவர் செவியன் இல்லையே. “உன்னை நம்பியா நான் பேனா புடிச்சேன்? நோட்டீஸ்ல போட்டிருக்கு, அன்னைக்குக் கொல்லத்துக்காரன் வயலின், காம்போதின்னு. காம்போதியப் பத்தி எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். போ, போயி மோரு கொண்டா.”

மோர் கொண்டுவந்து வைத்தாள். அந்த வாரம் முழுக்க அவள் அவருக்கு முகம் கொடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு ஆட்டோவில் குற்றாலம் போனார்கள். சாரல் ஊசி ஊசியாக இறங்கிக்கொண்டிருந்தது. நல்ல கூட்டம். ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு போகிறவர்கள், நேந்திரங்காய் சிப்ஸ் வறுக்கிற வாசம், மங்குஸ்தான் தொலி மிதிபட்டுச் சிவந்த ரோடு. விழா ஒரு லாட்ஜின் கல்யாண ஹாலில். சங்கரபாண்டி வாசலுக்கே வந்து, போலீஸ்காரர் மாதிரி விறைப்பாக நின்று கும்பிட்டார். “சார், இன்னைக்கு ஒங்களுக்கு மேடையிலயே சேரு!”

சுந்தரிக்குக் கீழே முதல் வரிசை. திரும்பிப் பார்த்தாள். கடைசியில் கதவுப் பக்கம் முத்துச்செல்வம் தோளில் துண்டோடு நின்றுகொண்டிருந்தார். அதே லாட்ஜில் தங்கியிருந்த வயலின்காரருக்குக் காலையில் எண்ணெய் தேய்த்திருக்கிறார். “சாயங்காலம் கேக்கான் வரணும்” என்று அவர் மலையாளத் தமிழில் கூப்பிட்டதைத் தட்ட முடியாமல் வந்திருக்கிறார். ரூபி வரவில்லை.

வயலின்காரர் சுருதி சேர்த்துவிட்டு மைக்கை இழுத்தார். “நோட்டீஸில் காம்போதி. பட்சே இத்தற மழை பெய்யுந்நு, மழைக்கு ஒரு மரியாதை வேண்டே? அமிர்தவர்ஷிணி வாசிக்காம்” என்றார். மழையை வரவழைக்கிற ராகமல்லவா, சபை கைதட்டியது. “ஏற்கனவே கொட்டுதுவே, இதுல வேறயா!” என்று யாரோ குரல் கொடுக்க, வயலின்காரரே சிரித்துவிட்டார். மேடை ஓரத்தில், வயலின்காரருக்குப் பின்பக்கமாக இருந்த பரமசிவனும் எல்லோரையும் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

ஒரு மணி நேரம் வாசித்தார் மனுஷன். பரமசிவன் மூன்று தடவை மடியிலிருந்த போனைப் பார்த்தார். மூன்று தடவை சுந்தரியைப் பார்த்தார். மூன்றாவது தடவை அந்தப் பார்வையில் அதிகாரம் இல்லை. பள்ளிக்கூடத்தில் பாடம் படிக்காமல் வந்த பிள்ளை முழிக்கிற மாதிரி இருந்தது. சுந்தரிக்குத் தாங்கவில்லை. அவளை அறியாமல் விரல் ‘அமிர்’ வரைக்கும் அடித்துவிட்டது. முப்பத்துநாலு வருஷம் கூட வாழ்ந்த விரல் அல்லவா. பிறகு ரூபி சொன்னது நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். பட்டத்தை வாங்கிக்கொண்டு ரெண்டு வார்த்தை பேசி உளறிவிட்டு வரட்டும், அந்த அவமானம் போதும், அதற்குப் பிறகாவது இறங்கி வருவார் என்றுதான் நினைத்தாள். அதற்கு மேல் அவளுக்கு ஒரு திட்டமும் கிடையாது.

சால்வை போட்டார்கள். பட்டயம் கொடுத்தார்கள். பரமசிவன் மைக் முன்னால் வந்து தொண்டையைச் செருமினார்.

“இன்று வித்வான் வாசித்த காம்போதி...”

ஹாலில் ஒரு முணுமுணுப்பு ஓடிற்று.

“...இந்தக் காம்போதி விஸ்தாரமாக இருந்தது. ஆனால் தராசு என்று பட்டம் வாங்கிக்கொண்டு நான் பொய் சொல்லக்கூடாது. காம்போதியின் கம்பீரம் இதில் முக்கால்வாசிதான்.”

“சார், அமிர்தவர்ஷிணி!” என்று நடுவரிசையிலிருந்து ஒருவர் கத்தினார். வயலின்காரர் சங்கரபாண்டியைப் பார்த்தார். சங்கரபாண்டி, கிண்டல் பண்ணுகிறாரோ, நாம் சிரிக்க வேண்டுமோ என்று தெரியாமல் வாயைப் பாதி திறந்துகொண்டு நின்றார். எல்லோரும் ஒருவரையொருவர் பார்ப்பதைப் பரமசிவன் பார்த்தார். சபை தன் கையை விட்டுப் போகிறது என்று தெரிந்துவிட்டது அவருக்கு. சபையைப் பிடிக்க அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்.

“ஆனால் ஒன்று. இந்த மன்றத்திலே இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு பெண் பாடியதே, அந்த எண்ணெய் வழுக்கல் இதில் இல்லை!” என்று விரலை ஆட்டினார். “குற்றாலத்திலே எதை வேண்டுமானாலும் தேய்க்கலாம். தோடியைத் தேய்க்கலாமா?”

நாலைந்து பேர் சிரிக்கவும் செய்தார்கள். முத்துச்செல்வம் தலையைக் குனிந்துகொண்டு கதவைப் பார்த்துத் திரும்பினார்.

சுந்தரி எழுந்தாள். எப்படி எழுந்தாள், எப்படி மேடைப் படி ஏறினாள் என்று பிற்பாடு கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. தொகுப்பாளர் கையிலிருந்த மைக்கை வாங்கிக்கொண்டு சபையைப் பார்த்து நின்றாள். பரமசிவன் அவளுக்குப் பின்னால் இரண்டடி தள்ளி நின்றார். அவளுடைய முதுகும் கொண்டையும்தான் அவருக்குத் தெரிந்தது.

“முத்துச்செல்வம் அண்ணாச்சி, போகாதீய. நில்லுங்க” என்றாள். “எல்லாருக்கும் வணக்கம். நான் மைக்செட் சுடலைக்கண்ணு மக, சண்முகசுந்தரி. இவிய பொஞ்சாதி. இவியளுக்குக் காது கேக்காது.”

ஹால் அப்படியே அடங்கிவிட்டது. வெளியே அருவிக்குப் போகிற கூட்டத்தின் சத்தம் மட்டும் கேட்டது.

“நாலு வருசமாச்சி, ஒண்ணுமே கேக்காது. நாலு வருசமா நீங்க பேப்பர்ல படிச்சதெல்லாம் நான் கேட்டுச் சொன்னது. போன்ல அடிச்சு அனுப்புவேன். இன்னைக்கு அனுப்பல. அதான் அமிர்தவர்ஷிணி காம்போதி ஆயிட்டு. ரூபி பாடினதையும் நான்தான் கேட்டேன். அன்னைக்கு நான் அனுப்பினது இந்தா இருக்கு, வாசிக்கேன்.” போனைத் தூரமாகப் பிடித்துக்கொண்டு வாசித்தாள். “‘தோடி. காந்தாரத்துல இருந்து எண்ணெயா வழுக்கி இறங்குதா. இந்த மாதிரிக் கேட்டு எம்புட்டு வருசமாச்சி. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு.’ இதுதான் நான் அனுப்பினது. நல்லாயிருக்குன்னு சொன்ன சொல்ல, இவிய வசவா மாத்திட்டாவ.”

முன்வரிசையில் ஒரு அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். நடுவில் நாலைந்து பேர் எழுந்து நின்றுவிட்டார்கள்.

“அந்தப் புள்ள வீடு தேடி வந்து, எங்கன தப்புன்னு கேட்டா. ஆமா தப்புதான்னு நானும் சேந்து பொய் சொன்னேன். அது இவிய தப்பில்ல, என் தப்பு. அதுக்கு இந்தச் சபையில வச்சு மன்னிப்புக் கேக்குதேன். அண்ணாச்சி, புள்ளைட்ட போயிச் சொல்லுங்க, அவ பாடினது சத்தியமா நல்ல சங்கீதம்னு. பாட்ட விட்டுர வேண்டாம்னு சொல்லுங்க.”

முத்துச்செல்வம் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றார். முதுகு குலுங்கியது.

மேடையிலிருந்து பரமசிவன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பெண்டாட்டி தானாகவே மேடையேறி மைக்கைப் பிடித்துப் பேசுகிறாள். சபை மூச்சுவிடாமல் கேட்கிறது. பெண்கள் வாயைப் பொத்துகிறார்கள். ஆட்கள் எழுந்து நிற்கிறார்கள். தான் ஏசியவனே அங்கே நின்று அழுகிறான். அவர் நெஞ்சு நிறைந்துவிட்டது. ஒரு வாரமாக மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தவள், கடைசியில் தன்னை விட்டுக்கொடுக்கவில்லை. சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நாலு திசைக்கும் கைகூப்பினார். பிறகு தன் மைக்குக்குக் குனிந்து, அவருக்கே அளவு தெரியாத அந்தப் பெரிய குரலில் சொன்னார்:

“போதும் சுந்தரி, போதும். கட்டின பொஞ்சாதியே இம்புட்டுப் புகழப்படாது. ஊரு சிரிக்கும். எறங்கிப் போயி உக்காரு.”

ஊர் சிரிக்கவில்லை. ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை.